டியூப் வெளியே வரும் நேரம்

போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் வயதானவர்களிடம் ஆபரேஷன் பேச்சை எடுத்தால், வெட்டினதும் தைத்ததும் பின்னால்தான் வரும். முதலில் வருவது கண் முழித்த கதை. தொண்டையில் என்னமோ அடைச்சுதுங்க, இருமல்னா அப்படியொரு இருமல், கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க என்பார்கள். அந்த அவஸ்தையும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்றே அன்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னை வருத்துகிறது.

கோவை பெரியாஸ்பத்திரி தொடங்கிய 1909 காலத்தில் மயக்கம் என்றால் பெரும்பாலும் முகமூடியில் ஈதரோ குளோரோஃபார்மோ சொட்டு சொட்டாக விடுவதுதான். மூச்சுக்குழலில் டியூப் வைக்கும் முறையை முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் மகில், ரோபாதம் என்ற இருவர் செம்மைப்படுத்தினார்கள். சிவப்பு ரப்பர் டியூப். கழுவி, சுத்தப்படுத்தி, அடுத்தவருக்கும் அதுவே. தசைகளைத் தளர்த்தும் மருந்துகள் 1940களில் வந்ததும், நோயாளிக்காக மிஷின்தான் மூச்சு விட வேண்டும் என்றாயிற்று. டியூப் இன்றியமையாததாகிவிட்டது.

சிக்கல் அதை எடுக்கும்போதுதான். மயக்கம் குறையக் குறைய, ஆள் தெளிவதற்கு முன்பே மூச்சுக்குழல் விழித்துக்கொள்கிறது. உள்ளே கிடப்பதை வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்த இருமலில் ரத்த அழுத்தம் ஏறும், கண்ணுக்குள்ளும் மண்டைக்குள்ளும் அழுத்தம் கூடும். குடலிறக்கத்துக்குப் போட்ட தையல் இழுபடும். தைராய்டு ஆபரேஷன் முடிந்த கழுத்தில் ரத்தம் கசிந்து மூச்சையே அடைக்கலாம். அன்றைய மயக்க டாக்டருக்குப் பெரும்பாலும் இரண்டே வழி: ஆழ்ந்த மயக்கத்திலேயே எடுத்துவிட்டு மூச்சு சீராகும்வரை கூடவே நிற்பது, இல்லையென்றால் தெளியவிட்டு இருமலோடு எடுப்பது.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மருந்து இருந்தது. பல் பிடுங்க மரத்துப்போகப் போடும் அதே லிக்னோகெயின். ஸ்வீடனில் 1943இல் லோஃப்கிரென் உருவாக்கியது. அதை நரம்பில் ஏற்றினால் இருமல் அடங்குகிறது என்று 1963இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. டியூப் எடுப்பதற்குச் சற்று முன் எடைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், அறுபது கிலோ ஆளுக்கு இரண்டு சத மருந்தில் மூன்று முதல் நாலரை மில்லி. விலையும் அதிகமில்லை.

இன்று வழிகள் கூடியிருக்கின்றன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் டியூப்பின் நுனியில் உள்ள சிறு பலூனில் காற்றுக்குப் பதில் லிக்னோகெயினையே நிரப்பலாம். மருந்து பலூன் சுவர் வழியே மெல்லக் கசிந்து, உரசும் இடத்தையே மரத்துப்போகச் செய்யும். கொஞ்சம் சோடா பைகார்பனேட் சேர்த்தால் இன்னும் எளிதாகக் கசியும். என்ன அழகான யோசனை! ஃபென்டனில் என்ற வலிநிவாரணி உண்டு. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்து ஒப்பிட்டு, 2020இல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் வந்த கட்டுரை இவை எல்லாமே இருமலைக் குறைக்கின்றன என்றது, முதலிடம் டெக்ஸ்மெடிடோமிடினுக்கு. ஆனால் அது இதயத் துடிப்பை மந்தமாக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். பலவீனமான இதயத்துக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இருமலே இல்லாமல் செய்வது எல்லோருக்கும் நல்லதல்ல. வயிறு நிறைந்திருந்தால், மூச்சுப்பாதை சிக்கலானதாக இருந்தால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவராக இருந்தால், நன்றாகத் தெளிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். சிக்கலான மூச்சுப்பாதை உள்ளவர்களுக்கு டியூப் எடுப்பதற்கென்றே இந்திய மயக்க மருத்துவர்கள் 2016இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். உள்ளே வைப்பதற்குப் போடும் திட்டம் வெளியே எடுப்பதற்கும் வேண்டும் என்று ஏட்டில் ஏறியதைத்தான் இத்தனை ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றமாக நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும். குறிச்சி சிட்கோவில் ஃபவுண்டரி வேலை, மில்லில் பஞ்சுத் தூசி, கூடவே பீடி என்று நாற்பது வருஷம் கழித்தவர்களின் மூச்சுக்குழல் லேசில் சீண்டப்படும். டியூப் எடுக்கும்போது அதிகம் இருமுபவர்களும் அவர்களே. ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனையில், “பீடி பிடிப்பீங்களா?” என்று மயக்க டாக்டர் கேட்டால், பக்கத்தில் மருமகள் நிற்கிறாள் என்று “இல்லீங்க” என்று தலையாட்டிவிடுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை அவர் முடிவு செய்வது அந்தப் பதிலை வைத்தும்தான். குறட்டை, ஆஸ்துமா, போன வாரம் வந்த சளி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுங்க.