ஒரே நூலை ஊரெல்லாம் படித்தால்?

வீட்டு வரி செலுத்திய சீட்டை நம்மில் எத்தனை பேர் முழுவதும் படித்துப் பார்க்கிறோம்? அதில் நூலக வரி என்று தனியே ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் அது கணக்கிடப்படுகிறது. மாளிகையில் வாழ்பவரும் தருகிறார். முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்து ஓட்டு வீட்டில் வாழ்பவரும் தருகிறார். ஆண்டுதோறும் நூலகத்திற்குப் பணம் கொடுத்துவிட்டு, ஆயுளில் ஒருமுறையேனும் அதன் படியேறாதவர்களாகவே நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை இருந்து வருகின்றன. விலை கொடுத்து வாங்கிய நெல்லைக் கடையிலேயே விட்டு வருவாருண்டோ? நூலகத்தின் பொருட்டு நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டிற்கு வித்திட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதப் பேராசிரியராய் இருந்து நூலகரானவர். அவருடைய இடையறாத முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் கண்டது நம் மாநிலமே. யாழ்ப்பாணத்தார் தங்கள் பொது நூலகத்திற்குக் கட்டடம் எழுப்ப முற்பட்டபோதும் அவரிடமே ஆலோசனை பெற்றனர். அந்நூலகம் எழ முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், அங்குள்ள புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லாங் அடிகளார். 1981 மே 31 நள்ளிரவில் அது தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தார் என்பர். ஒரு நூலகம் எரிந்ததற்காக ஓர் இனமே அழுதது. நம் ஊரிலோ நூலகத்தை எவரும் எரிக்கவில்லை. பூட்டுத்தான் தொங்குகிறது.

ஆம், பூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே திறப்பாரின்றிப் போயின. அரசைக் குறை கூறுதல் எளிது. குடிநீர்க் குழாய் பழுதானால் ஊரே திரண்டு சென்று முறையிடுகிறோம். நூலகம் திறக்கவில்லை என்று எந்த ஊரார் என்றைக்குத் திரண்டு சென்றார்கள்?

பெரம்பலூரும் அரியலூரும் பின்தங்கிய பகுதிகள் என்று கேட்டுக் கேட்டு நமக்கே அது பழகிவிட்டது. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி, சிமெண்ட் என்று இம்மண்ணின் விளைவைப் பட்டியலிடுவோர் கல்வியை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழன்னைக்கு அணிசெய்த ஓர் ஏழைச் சிறுவன் தமிழ் கற்றது இந்தப் புழுதியில்தான் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

உ. வே. சாமிநாதையரைத்தான் சொல்கிறோம். 1855-இல் உத்தமதானபுரம் குடும்பத்தில் பிறந்த அவருடைய தந்தையார் பாட்டும் கதாகாலட்சேபமுமாக வாழ்க்கை நடத்தியவர். ஆதரிப்பார் இருக்கும் ஊரே அக்குடும்பத்திற்கு ஊர். அவ்வாறு அவர்கள் தங்கிய ஊர்களுள் அரியலூர் ஒன்று, குன்னம் மற்றொன்று. அரியலூரில் சடகோபையங்கார் அச்சிறுவனுக்குத் தமிழ்ச்சுவை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் சொன்னார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகை சொல்லிக் கொடுத்தார். ஒரு நூலைக் கற்க ஓர் ஊர்! நூலுடையார் வீட்டு வாயிலில் காத்து நின்று, கிடைத்ததைப் படித்து, அடுத்த நூலுக்காக அடுத்த ஊருக்கு நடந்த பிள்ளை அவர். இந்நாளில் அவ்வூர்ப் பிள்ளைக்கு நூலுக்காக அவ்வளவு தொலைவு நடக்க வேண்டுவதில்லை.

பின்னர் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு உடன் மாணவராய் அமைந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர். ஆசிரியரின் இறுதிக்காலம் வரை உடனிருந்து பணிவிடை செய்தவர். அதே மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த நம் வேதநாயகம் பிள்ளையோ மகாவித்துவானின் நெருங்கிய நண்பர். அவர்மீது குளத்துக்கோவை பாடினார் மகாவித்துவான். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அவர் கையிலிருந்து வெளிவந்தது. சமயம் வேறாயினும் நூல் அவர்களை ஒரே திண்ணையில் அமர்த்தியது.

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னே செல்வோமாயின் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரைக் காண்கிறோம். அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு யாத்திரை செல்வோர் அவருடைய தேம்பாவணியை அறிவர். அவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு முன் சொற்பொருள் அறிய வேண்டுமெனில் செய்யுளாய் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அகரவரிசையில் சொற்களை அடுக்கி, மனப்பாடம் இல்லாதவனும் பொருள் தேடிக் கொள்ளலாம் என்று வழிசெய்தார் அம்முனிவர். பூட்டியிருந்த அறைக்குத் திறவுகோல் செய்து கொடுத்ததற்கு ஒப்பானது இது.

இனி ஊர் கூடிப் படிக்கும் முறைக்கு வருவோம். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தைச் சேர்ந்த நான்சி பேர்ல் அம்மையார் ஒரு கேள்வி எழுப்பினார்: நகரத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்தால் என்ன? அவ்வாண்டு ரசல் பேங்க்ஸ் என்பாரின் நாவல் ஒன்றை நகரமே படித்து உரையாடிற்று. 2001-இல் சிகாகோ பின்பற்றிற்று. அதன்பின் இம்முறை நாடு நாடாகப் பரவியது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1945-இல் 47 நூலகங்களை இணைத்து இயக்கம் கண்டவர் பி. என். பணிக்கர்; அவர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாள். 2022-இல் ‘புதுக்கோட்டை வாசிக்கிறது’ என்று அம்மாவட்டத்து மாணவர்கள் ஒரே வேளையில் நூலும் கையுமாய் அமர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்கள் அமைந்துள்ளன. நம் இரு மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடைபெற்றுள்ளன.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் ஒரு மணி நேரம் கூடியிருந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, நூலை மூடி வைப்பதோடு காரியம் முடிந்ததென எண்ணுதல் கூடாது. ஆளுக்கொரு நூல் படித்தால் ஒருவர் படித்ததைப் பற்றி மற்றவரிடம் பேச வழியில்லை. ஒரே நூலெனில் தேநீர்க் கடையிலும், பேருந்திலும், நடவு வரப்பிலும் பேச்சு எழும். சியாட்டில் முறையின் சிறப்பு அதுவே.

அப்படி நம் இரு மாவட்டங்களுக்கும் ஒரே நூலைத் தெரிந்தெடுப்பதாயின், நம் வாக்கு ‘என் சரித்திர’த்திற்கே. தடித்த நூலாயிற்றே என்று அஞ்ச வேண்டா. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர் அது; ஆகவே இயல்கள் சிறியவை. இரவு உணவுக்குப் பின் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, எழுத்தறியாப் பாட்டியும் கேட்டு மகிழலாம். நம் ஊர்ப் பெயர்கள் வரும் பக்கங்களில் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள் என்பது உறுதி. படிப்பவர் யார் என்ற போட்டியும் எழக்கூடும். அதை அன்னையர் தீர்த்து வைப்பார்களாக!

புதிய நூல்கள் வேண்டுவோர்க்கும் சிலவற்றைச் சொல்வோம். சிறுவர்க்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023-இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருது பெற்றது. கீழடி மண்ணுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கதை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழாய்வு நடைபெற்றதைக் கேள்வியுற்ற நம் பிள்ளைகளுக்கு இது இனிக்கும். உழவர் குடும்பங்களுக்குச் சோ. தர்மனின் ‘சூல்’, ஒரு கண்மாய் வாழ்ந்ததும் அழிந்ததுமே அதன் கதை. வளர்ந்த மக்களையுடைய பெற்றோர்க்கு இமையத்தின் ‘செல்லாத பணம்’. பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணந்த மகள் தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்க, பணமிருந்தும் செயலற்று நிற்கும் குடும்பத்தைக் காட்டும் நாவல் அது. சிறுவர்க்கு ஏற்றதன்று, பெற்றோர் அதைப் படித்தபின் தம் மகளிடம் பேசும் முறை மாறக்கூடும். முன்னது 2019-இலும் பின்னது 2020-இலும் அகாதெமி விருது பெற்றன. இவற்றை விலை கொடுத்து வாங்க இயலாதவர் பலர். நூலகம் பின் எதற்கு?

நடக்க இயலாத முதியோர், நோயுற்றோர், கைக்குழந்தையுடைய தாய்மார் ஆகியோர்க்கு நூலை வீட்டிற்கே கொண்டு சேர்க்க 2022-இல் நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வத் தொண்டர்களே அதற்குக் கால்கள். புதுமை என்று வியக்க வேண்டா. 1931 அக்டோபர் 21-ஆம் நாளிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். மாடுகள் பூட்டிய வண்டிக்கு அன்று இயன்றது, வீட்டுக்கு வீடு இரு சக்கர வாகனம் நிற்கும் இந்நாளில் நம் இளைஞர்க்கு இயலாதா? ஞாயிறு பிற்பகலில் இருவர் போதும்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதற்குள் குடும்பத்தில் ஒருவரேனும் அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகலாம். உரிய படிவமும் முகவரிச் சான்றும் சிறு காப்புத் தொகையும் போதுமானவை. நாம் கூறிய நூல் அங்கு இல்லையெனில், அதன் பெயரை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்து வருவோம். அடுத்த வாரம் சென்று, என்னவாயிற்று என்று கேட்போம்.