வாயில்லா ஜீவனுக்கு வழக்குப் போடுவது யார்?

2022 பிப்ரவரியில் ஒரு குறுவீடியோ பிரிட்டன் முழுக்கப் பரவியது. வெஸ்ட்ஹாம் அணியின் கால்பந்து வீரர் கர்ட் ஜூமா, சமையலறையில் தன் வளர்ப்புப் பூனையை எட்டி உதைக்கிறார். ஜூன் மாதமே லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். 180 மணி நேரம் ஊதியமில்லாச் சமூகப் பணி, ஐந்தாண்டுக்குப் பூனை வளர்க்கத் தடை. அந்த வழக்கைப் போட்டது அரசு என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பூனையின் சார்பில் நீதிமன்றப் படியேறியது பொதுமக்கள் தரும் நன்கொடையில் நடக்கும் ஒரு விலங்குவதைத் தடுப்புச் சங்கம்: ஆர்.எஸ்.பி.சி.ஏ.

அரசாங்கம் செய்யவேண்டிய வேலை ஒரு தொண்டு அமைப்பின் கைக்கு எப்படி வந்தது? அதற்கு இருநூறு ஆண்டு பின்னால் போகவேண்டும்.

1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்துக்கார எம்.பி. மாடு, குதிரை, ஆடுகளை வதைப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டம் வந்துவிட்டது, பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை. லண்டனின் பெருநகரக் காவல்துறை பிறந்ததே 1829இல்தான். அடிபட்டவரோ, அவருக்காக வேறு யாரோ வழக்குப் போட்டால்தான் உண்டு என்ற காலம் அது. மார்ட்டினே தெருத்தெருவாக அலைந்து வண்டிக்காரர்களை நீதிபதி முன் நிறுத்தினார். 1824இல் லண்டன் காபிக்கடை ஒன்றில் கூடிய கூட்டத்தில் சங்கம் உருவானது. அதைக் கூட்டிய பாதிரியார் ஆர்தர் புரூம், சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கே போனார். விக்டோரியா மகாராணி ‘ராயல்’ பட்டம் கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு, 1840இல்.

தனிமனிதரும் குற்றவழக்குத் தொடுக்கலாம் என்ற அந்தப் பழைய உரிமையை இங்கிலாந்தும் வேல்ஸும் இன்னும் கைவிடவில்லை. அரசு வழக்குத் துறைக்கு வழிவகுத்த 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே விட்டுவைத்தது. சங்கம் நிற்பது இந்த ஓர் உரிமையின் மேல்தான். விலங்குகளுக்கென்று அதற்குத் தனி அதிகாரம் எதையும் நாடாளுமன்றம் தரவில்லை.

இதைப் பலர் அறிவதில்லை. சீருடையோடு வாசலில் வந்து நிற்கும் சங்க ஆய்வாளரைப் போலீஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால் ஆய்வாளர் உள்ளே நுழைய முடியாது. எலும்பும் தோலுமாக நாய் ஒன்று கொல்லையில் கட்டிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாலும் அவிழ்த்துக் கொண்டுபோக முடியாது. காவலரைக் கூப்பிடவேண்டும், நாய் வேதனைப்படுகிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும், 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி காவலர்தான் அதைக் கைப்பற்ற வேண்டும். பிறகு வாக்குமூலம், எடைக் குறிப்பு, புகைப்படம் எல்லாம் சங்கத்தின் வழக்குப் பிரிவுக்குப் போகின்றன. சாட்சியம் தேறுமா, வழக்குப் போடுவது பொதுநலனுக்கு உகந்ததா என்று அரசு வழக்குரைஞர்கள் கேட்கும் அதே இரண்டு கேள்விகளை அங்கேயும் கேட்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். துப்புத் துலக்குவதும் வழக்குப் போடலாமா என்று தீர்மானிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அதே கூரையின் கீழ்தான் நன்கொடையும் திரட்டப்படுகிறது, வேட்டைக்கு எதிரான பிரசாரமும் நடக்கிறது. 2012இல் ஹேத்ராப் என்ற நரிவேட்டைக் குழுவின் மேல் போட்ட வழக்கில் சங்கம் வென்றது. அதற்கு ஆன செலவு மூன்று லட்சம் பவுண்டுக்கும் மேல். குழுவுக்கு விதித்த அபராதமோ 4,000 பவுண்டு. செலவைக் கேட்ட நீதிபதியே திகைத்துப்போனார். 2016இல் நாடாளுமன்றக் குழு, சங்கம் முதல் ஆளாக வழக்குத் தொடுப்பதை நிறுத்தட்டும் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. தபால் நிலையப் பொறுப்பாளர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பழுதான கணினிக் கணக்கை நம்பித் தண்டித்த விவகாரம் வெளியானபின், தனியார் வழக்கு என்ற ஏற்பாட்டின் மேலேயே சந்தேகம் விழுந்தது. அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றைப் போட்டதும் அரசு வழக்குத் துறை அல்ல, தபால் நிறுவனமே. 2021 தொடக்கத்தில், வழக்கு நடத்தும் பொறுப்பை அரசிடம் விட விரும்புவதாக ஆர்.எஸ்.பி.சி.ஏ.வே அறிவித்தது.

அது நியாயமான விருப்பம். எல்லை தாண்டினால் ஸ்காட்லாந்தில் வேறு முறை இருக்கிறது. அங்குள்ள சங்கத்தின் ஆய்வாளர்களுக்குச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. அவர்கள் விசாரித்து அறிக்கை தருவார்கள். வழக்குப் போடுவதா என்பதை அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார். கள அறிவும் வீணாவதில்லை, தீர்மானமும் மூன்றாம் ஆளிடம் இருக்கிறது. நியூயார்க் நகரம் அதற்கும் ஒருபடி மேலே போனது. 1866 முதல் அங்கே விலங்குக் கொடுமைகளை விசாரித்துவந்த ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற சங்கம், 2014இல் அந்த வேலையை நகரக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. அடிபட்ட பிராணிகளுக்கு மருத்துவமும் தடய ஆய்வும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது.

ஆனாலும் ஓர் அச்சம் நியாயமானதே. கொலை, கொள்ளை, வன்புணர்ச்சிக் கோப்புகள் குவிந்துகிடக்கும் அரசு மேசையில் பட்டினி போடப்பட்ட குதிரையின் கோப்பு எப்போது மேலே வரும்? 2021 ஜூனில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலங்குவதைக்கான அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்தது. தண்டனை கூடினால் அரசு வழக்குரைஞர்களும் இதைப் பெருங்குற்றமாகப் பார்ப்பார்கள் என்று நம்பலாம்.

அதுவரை வழக்கின் தாமதத்தைச் சுமப்பது கைப்பற்றப்பட்ட பிராணிதான். தீர்ப்பு வரும்வரை அது சட்டப்படி இன்னும் குற்றம் சாட்டப்பட்டவரின் சொத்து. முன்கூட்டியே வேறு வீட்டுக்குக் கொடுக்க நீதிமன்றத்திடம் தனி உத்தரவு வாங்கவேண்டும். அது கிடைக்காதபோது, வதைபட்ட நாய் மாதக்கணக்கில் காப்பகக் கூண்டில் கிடக்கிறது. அதற்குச் சோறு போட்டு, புண்ணுக்கு மருந்து தடவி, வாய்தா முடியக் காத்திருப்பதும் அதே சங்கத்தின் ஆட்கள்தான்.