வயிற்றுக் குழந்தைக்கு ஒரு காவல்காரன்!

தாயின் உடலில் ஊறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறினால் வயிற்றுக் குழந்தையின் வளர்ச்சி குன்றும்.

அதைத் தடுக்க நஞ்சுக்கொடியில் ஒரு காவல்காரன் இருக்கிறான். "என்சைம்" என்ற ரசாயனப் பொருள்தான் அவன்! கார்ட்டிசாலில் பெரும் பகுதியை மாற்றி, வலுவிழக்கச் செய்து விடுகிறான்.

தாயின் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் மருந்துக்கும் அதே கதிதான். குழந்தைக்குப் போவது கொஞ்சமே.

ஏமாந்த காவல்காரன்

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திராது, மூச்சுத் திணறும். மருந்து குழந்தைக்கே போய்ச் சேர வேண்டும். என்ன செய்வது?

நியூசிலாந்து டாக்டர்கள் லிக்கின்சும் ஹௌவியும் தாய்மாருக்கு "பீட்டாமெத்தசோன்" ஊசி போட்டார்கள். அந்த மருந்தைக் காவல்காரனால் அவ்வளவாக மாற்ற முடியாது. குழந்தைகளின் மூச்சுத் திணறல் குறைந்தது! 1972-ல் முடிவு வெளியாயிற்று.

குறைமாதப் பிரசவம் நேரலாம் என்று தெரிந்தால், டாக்டர்கள் இன்றும் இத்தகைய ஊசியே போடுகிறார்கள்.