எது நிஜ அக்குபஞ்சர்?

வலியும் வைத்தியமும் – 17

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் மாமி ஒருவர், ஆறு மாதம் ஸ்டுட்கார்ட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். முழங்கால் தேய்மானம். "அங்க எலும்பு டாக்டரே அக்குபஞ்சரும் பண்றார் சார். முட்டியைச் சுத்திப் பத்துப் பன்னெண்டு ஊசி. அரை மணி படுத்துண்டிருக்கணும். இப்போ மாடி ஏற முடியறது. இங்க வந்து தி.நகர்ல ஒருத்தர்கிட்ட போனா, ஊசியே கிடையாதுங்கறார். நாடி பார்த்தார், கையில ஒரு இடத்துல விரலை வெச்சு எடுத்தார், அடுத்த வாரம் வாங்கன்னுட்டார். இதுல எது சார் நிஜ அக்குபஞ்சர்?"

இதற்குப் பதில் தேடச் சீனாவுக்குப் போக வேண்டாம். மாமி போய்வந்த ஜெர்மனியே போதும். அங்கே பொது மருத்துவக் காப்பீட்டு அமைப்புகளுக்கு இதே கேள்வி, பெரும் பணப் பிரச்சினையாக வந்து நின்றது. ஜனங்கள் அக்குபஞ்சருக்குப் போகிறார்கள், பில்லை நீட்டுகிறார்கள். கொடுப்பதா, வேண்டாமா? சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று முடிவாகி, 'கெராக்' என்ற பெயரில் பெரிய ஆய்வுகள் நடந்தன.

முழங்கால் தேய்மானத்துக்கு 1,007 பேர். மூன்று குழுக்கள். முதல் குழுவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளியில், சரியான ஆழத்தில் ஊசி. இரண்டாம் குழுவுக்கும் ஊசிதான். ஆனால் புள்ளியே இல்லாத இடத்தில், மேலாக. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்றாம் குழுவுக்கு ஊசி இல்லை. வலி மாத்திரையும் மருத்துவர் ஆலோசனையும். பிசியோதெரபி எல்லோருக்கும் உண்டு. இருபத்தாறு வாரம் கழித்துத் தேறியவர்கள்: சரியான ஊசியில் 53.1 சதவீதம், தப்பான ஊசியில் 51 சதவீதம், மாத்திரையில் 29.1 சதவீதம். கீழ்முதுகு வலிக்கு 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் இதே கதை: 47.6, 44.2, 27.4.

அக்குபஞ்சர்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, மாத்திரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு' என்றார்கள். எதிர்த்தவர்கள் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு, 'எங்கே குத்தினாலும் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு உங்கள் புள்ளியும் அவற்றை இணைக்கும் நாளமும்?' என்றார்கள். இரண்டு பேச்சும் சரி. காப்பீட்டுக்காரர்கள் தத்துவத்தில் இறங்கவில்லை. நோயாளி தேறுகிறார் அல்லவா, அது போதும் என்று 2007 ஜனவரி முதல் இந்த இரண்டு வலிகளுக்கும் பணம் தர ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் நேரத்துக்கொரு பேச்சு: 2009இல் கீழ்முதுகு வலிக்குச் சரி என்ற அரசு ஆலோசனை அமைப்பு, 2016இல் வேண்டாம் என்றது, 2021இல் வேறொரு வகை நாட்பட்ட வலிக்குப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து அலசி 2018இல் வெளியிட்டார்கள். அதில் சரியான ஊசி போலி ஊசியைக் கொஞ்சம் முந்துகிறது. பூஜ்யம் இல்லை, ஆனால் சிறியது. ஊசியே இல்லாமல் இருப்பதற்கும் ஊசி போட்டுக்கொள்வதற்கும் உள்ள இடைவெளிதான் பெரிது.

அந்தப் பெரிய இடைவெளி எங்கிருந்து வருகிறது? 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேர். முதல் கட்டத்தில் ஒருவருக்குக்கூட நிஜ ஊசி கிடையாது. நாடகக் கத்தி போல, அழுத்தினால் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் போலி ஊசி. ஒரு குழுவை வெறுமனே காத்திருக்க வைத்தார்கள்; 28 சதவீதம் பேர் நிம்மதி என்றார்கள். இன்னொரு குழுவுக்குப் பேச்சுவார்த்தை அதிகமில்லாமல் போலி ஊசி; 44 சதவீதம். மூன்றாவது குழுவை முதல் நாளே முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, எப்போது வலிக்கிறது, வீட்டில் என்ன கவலை என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே போலி ஊசி, 62 சதவீதம்.

நம் ஊரில் பேர்போன எலும்பு மருத்துவரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், உள்ளே மூன்று நிமிடம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துவிட்டு, 'வயசாச்சுல்ல' என்பார். அடையாற்றில் ஏதோ ஒரு அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அக்குபஞ்சர்காரர் அரை மணி உங்களுக்கே தருகிறார், தொடுகிறார், தூக்கம் எப்படி என்று கேட்கிறார். இதற்கே பாதி வலி போகும். பாதிதான் என்பதையும் சொல்ல வேண்டும். கெராக் ஆய்வில் மாத்திரைக் குழுவும் பத்து முறை மருத்துவரைப் பார்த்தது, அப்படியும் பின்தங்கியது. ஊசி கிடைக்கும் என்று ஆசைப்பட்டு வந்தவர்களுக்குப் பழைய மாத்திரையே கிடைத்த ஏமாற்றமும் அதில் இருக்கலாம். தோலைக் குத்துவதற்கே உடல் ஏதோ பதில் சொல்கிறது என்பதற்கும் தடயம் உண்டு. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகளைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பலன் குறைகிறது என்று 1977இலேயே எழுதினார்கள். எலியின் பின்னங்காலில் மின்னூசி வைத்தால் எந்த நரம்பு வழியாக அழற்சி அடங்குகிறது என்று 2021இல் காட்டினார்கள். எலியின் கால் வேறு, மாமியின் முட்டி வேறு; ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

இப்போது 'நிஜ' என்ற விஷயத்துக்கு வருவோம். '7ஆம் அறிவு' படம் வந்த 2011க்குப் பிறகு, இதெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து போதிதருமர் கொண்டுபோனதுதானே என்று கேட்காத ஆள் கிடையாது. போதிதருமரின் காலம் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. சீனாவின் மாவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடிய ஒரு கல்லறையை 1973இல் திறந்தபோது, உள்ளே உடம்பின் நாளங்களைப் பற்றிய பட்டுச் சுவடிகள் இருந்தன. நம் பல்லவ இளவரசருக்கு அறுநூறு ஆண்டு முன்பு. அந்தச் சுவடிகளில் சுவையான சங்கதி ஒன்று: நாளங்கள் உண்டு, ஊசி இல்லை. சூடு வைப்பதுதான் உண்டு.

சீனர்களும் இதைத் தொடர்ந்து கட்டிக்காக்கவில்லை. 1822இல் சக்கரவர்த்தி தாவ்குவாங் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி வைத்தியத்தையே நீக்கினார். 1930களில் செங் தானான் என்ற மருத்துவர் அதைத் தூசி தட்டி எடுத்தபோது, புள்ளிகளை ரத்தக்குழாய்க்கு மேலிருந்து நரம்புப் பக்கம் தள்ளினார். மெல்லிய ஊசிகளைக் கொண்டுவந்தார். காதில் ஊசி குத்தும் முறையைப் பரப்பியவர் 1950களில் லியோனில் இருந்த பால் நோஜியே என்ற பிரெஞ்சுக்காரர். நாடெங்கும் சீன மருத்துவத்தைப் பரப்பிய மாவோ, 'எனக்கு இதில் நம்பிக்கை இல்லை' என்று தன்னிடம் சொன்னதாக அவருடைய சொந்த மருத்துவர் லி ஷிசுய் பின்னாளில் எழுதினார்.

வெளிநாட்டில் போய் ஊசி குத்திக்கொண்டவர்களில் உலகப் புகழ் பெற்றவர் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பீக்கிங் போன இடத்தில் குடல்வால் வீங்கி, அறுவை சிகிச்சை ஆயிற்று. மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தி அறுத்தார்கள் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை. வழக்கமான மரப்பு ஊசி மருந்து போட்டுத்தான் அறுத்தார்கள். அதற்கடுத்த இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மூன்று ஊசி. ஒரு மணி நேரத்தில் தணிந்தது என்று அவரே எழுதினார். வயிற்றைக் கீறினால் காற்று அடைப்பதும் நேரம் போகப்போகத் தானாக விடுவதும் சகஜம். ஆனாலும் அந்த ஒரு கட்டுரை அமெரிக்காவையே ஊசிப் பக்கம் திருப்பியது.

நமக்கு வந்த வழி வேறு. 1938இல் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸை எல்லோருக்கும் தெரியும். அவர் அங்கேயே இறந்தார். உயிரோடு திரும்பிய பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மறுபடி போய் ஊசி கற்றுவந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். இன்னொரு வாசல் கொழும்பு. களுபோவில அரசு மருத்துவமனையில் ஆன்டன் ஜெயசூர்யா நடத்திய பயிற்சிக்கு உலகெங்கிலுமிருந்து, இந்தியாவிலிருந்தும், ஆட்கள் போனார்கள். பட்டங்களும் தாராளமாகக் கிடைத்தன. தமிழ்நாட்டில் வேரூன்றியதோ இவை இரண்டிலிருந்தும் விலகிய ஒரு கிளை: நாடி பார்ப்பது, ஒரே ஒரு புள்ளி, பல சமயம் ஊசிக்குப் பதில் விரல். ஆக, மாமி தி.நகரில் கண்டது மோசடி அல்ல. ஸ்டுட்கார்ட்டில் கண்டது ஆதி வடிவமும் அல்ல. மூலப்பிரதி என்று ஒன்று இருந்தால்தானே நிஜம், போலி என்று பிரிக்க?

விரல் மட்டும் போதுமா என்றால், ஓரிடத்தில் போதும் போலிருக்கிறது. உள்மணிக்கட்டில் மடிப்புக்கு மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலை அது குறைக்கிறது என்று 59 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2015இல் சொன்னது. ஊசி, விரல், பட்டை எல்லாமே அந்தத் தொகுப்பில் உண்டு. ஆய்வுகளின் தரம் சுமார் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

எனக்குக் கோபம் வருவது ஊசி மேலோ விரல் மேலோ அல்ல. அதோடு கூடவே வரும் பேச்சின் மேல். 'காய்ச்சல் என்பது கழிவு வெளியேற்றம். மாத்திரைதான் விஷம். ரத்தம் சோதிப்பதை நிறுத்துங்கள், பசித்தால் சாப்பிடுங்கள், சர்க்கரை தானாகச் சரியாகும்.' எல்லா அக்குபஞ்சர்காரர்களும் இப்படிச் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் குறைவும் அல்ல.

பாஸ்டனில் ஆஸ்துமா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. நிஜ மருந்து உறிஞ்சி, வெற்று உறிஞ்சி, போலி ஊசி, ஒன்றுமே இல்லாமை என நான்கையும் ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டால், மருந்துக்கு 50 சதவீதம், வெற்று உறிஞ்சிக்கு 45, போலி ஊசிக்கு 46. சும்மா இருந்ததற்கு மட்டும் 21. மூச்சுக் காற்றைக் கருவியில் அளந்தார்கள். மருந்தில் 20 சதவீதம் உயர்வு. மற்ற மூன்றிலும், போலி ஊசி உட்பட, ஏழு சதவீதம் அளவில்தான். 'நன்றாக மூச்சு வருகிறது' என்று மனதாரச் சொன்னவரின் மூச்சுக்குழாய் சுருங்கியேதான் இருந்தது.

முழங்காலில் நோயாளி சொல்வதுதான் அளவு. வலி குறைந்தது என்றால் குறைந்தது. அதில் ஊசிக்கு இடம் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படியல்ல. உடம்பு சொல்லாது, மீட்டர்தான் சொல்லும். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் ஒருவர் மூட்டுவலிக்கு ஊசி போடப் போய், வலி குறைந்த நம்பிக்கையில் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினால், கண்ணும் சிறுநீரகமும் போகும்வரை 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பலகையில் பி.என்.ஒய்.எஸ். என்று இருந்தால் அது ஐந்தரை ஆண்டு இயற்கை, யோகா மருத்துவப் பட்டம். அதில் அக்குபஞ்சரும் பாடம். அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. மேற்கு வங்கம் 1996இலேயே அக்குபஞ்சருக்குத் தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறை என்ற அளவில் மட்டும் ஏற்றது. ஊசி உங்கள் கண்முன் உறை பிரித்து எடுத்ததாக, ஒரே தடவை பயன்படுத்தி எறிவதாக இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்பிலும் தோள்பட்டைக்கு மேலேயும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. பத்துத் தடவையில் முட்டி சொல்லிவிடும். அதற்கு மேல் 'இன்னும் பத்து' என்றால் பர்ஸை மூடிவிட்டு எழுந்து வரலாம்.

அடுத்த வாரம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள்.

(தொடரும்)