புகையூட்டும் கரி அடுப்பிற்குத் தானியங்கி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது உழவர்களுக்கு நன்கு பழகிய தொழிலாகும். மூட்டத்தின் அருகே இரவு கண் விழித்தவர்களுக்கு ஒன்று தெரியும். காற்று போகும் துளையைச் சிறிது அதிகம் திறந்துவிட்டால் விறகு சாம்பலாகிவிடும். அடைத்துவிட்டாலோ நெருப்பு மூச்சடைத்து அணைந்துவிடும். காற்றை அளப்பவனே நெருப்பை ஆள்கிறான். கரி அடுப்பில் கோழியையோ வாத்தையோ மீனையோ புகையூட்டிப் பக்குவப்படுத்தும் வேலையும் இதே தான். அந்தத் துளையைத் திறந்து மூடும் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைப்பது எப்படி, எந்தக் கருவியை வாங்குவது என்பதையே இக்கட்டுரையில் காண்போம். கரியை மூட்டையாக விற்றுவிடும் உழவர்கள் சிலர், தம் பண்ணையில் வளரும் நாட்டுக்கோழியையும் பண்ணைக்குட்டை மீனையும் புகையூட்டி விற்க முன்வந்துள்ளனர். அவர்கள் கேட்ட கேள்விகளே இதை எழுதத் தூண்டின.

முதலில் ஒரு கேள்வி: கருவி தங்களுக்குத் தேவையா?

மாதத்திற்கு ஒரு முறை, வீட்டு விசேஷத்திற்கு நாலு கோழி புகையூட்டுபவருக்கு இக்கருவி வேண்டியதில்லை. நல்ல வெப்பமானி ஒன்றும், கையால் திருப்பும் காற்றடைப்பான் ஒன்றும், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் போதும். வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு மணி நேரம் அடுப்பை எரிப்பவருக்கே கருவியால் பயன் உண்டு. அந்த ஐந்தாறு மணி நேரத்தில் மாட்டிற்குத் தண்ணீர் காட்டலாம், மடை பார்க்கலாம்.

ஆயினும் வெப்பநிலையை எவ்வழியிலேனும் காத்தே தீர வேண்டும். இறைச்சியில் தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் 5 முதல் 60 டிகிரி செண்டிகிரேடு வரை விரைந்து பெருகும். நம் ஊர்க் கோடையில் இந்த இடைவெளியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இறைச்சி கிடப்பது நல்லதன்று. கோழியின் உட்பகுதி 74 டிகிரியையும், மீனின் உட்பகுதி 63 டிகிரியையும் எட்ட வேண்டும். கோழிக்கு அடுப்பின் உள்வெப்பம் 105 முதல் 130 டிகிரி வரை இருப்பது ஏற்றது. குறைந்தால் நோய், கூடினால் கருகல். இரண்டும் நட்டமே.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இதில் மூன்று உறுப்புகள் உண்டு. வெப்பத்தை அறியும் உணர்வி அடுப்பினுள் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி வெளியே இருக்கும். கரிக்கு அடியில் காற்றை ஊதும் சிறு மின்விசிறி மூன்றாவது. நாம் 115 டிகிரி என்று குறித்துவிட்டால், வெப்பம் அதற்குக் கீழே இறங்கும்போது விசிறி ஊதும், எட்டியதும் நிற்கும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் அடுப்பில் ஓட்டை உடைசல் இருந்தால் எந்தக் கருவியும் பயன்படாது. விசிறி நின்ற பிறகும் இடுக்கு வழியே காற்று நுழைந்து கரியை எரித்துக்கொண்டே இருக்கும். எனவே கருவிக்குச் செலவிடும் முன் கதவு இடுக்கையும் மூடியையும் வெப்பம் தாங்கும் கயிறு வைத்து அடையுங்கள். விசிறியின் வாயில், அது நின்றவுடன் தானே விழுந்து மூடும் தகட்டு மடல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த விசிறியே ஓர் ஓட்டை.

இருவகைக் கருவிகள்

முதல் வகை, போடுவதும் அணைப்பதும் மட்டுமே அறிந்தது. குறித்த அளவுக்குக் கீழே போனால் விசிறி முழு வேகத்தில் ஓடும், எட்டியதும் நிற்கும். மின்சாரச் சூட்டுச்சுருளுக்கு இது போதும், ஏனெனில் மின்சாரத்தை நிறுத்தினால் சுருள் விரைவில் ஆறிவிடும். கரி அப்படியன்று. விசிறி நின்றாலும், பற்றிக்கொண்ட கரி தன் சூட்டைத் தந்துகொண்டே இருக்கும். 115ல் நிற்க வேண்டியது 130, 140 என்று ஏறிவிட்டுப் பிறகு மெல்ல இறங்கும்.

இரண்டாம் வகை, பி.ஐ.டி. எனப்படும் கருவி. வயல் நிரம்பும் வரை மடையைப் பொத்தாமல் விட்டுவிட்டு, வரப்பு வழிந்த பின் ஓடிப்போய் அடைப்பவர் உண்டு. தண்ணீர் கடைசி முழத்திற்கு வரும்போதே மடையைப் பாதி அடைத்து, வாய்க்காலில் கிடக்கும் நீரே மீதியை நிரப்பட்டும் என்று விடுபவரும் உண்டு. பி.ஐ.டி. கருவி இரண்டாமவரைப் போன்றது. குறித்த அளவு எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு நேரமாகப் பின்தங்கியுள்ளது, எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்னும் மூன்றையும் கணக்கிட்டு, விசிறியை விட்டுவிட்டு ஓடச் செய்யும். கரி அடுப்பிற்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றை மறக்கலாகாது. எந்தக் கருவியாலும் அடுப்பைக் குளிர்விக்க இயலாது. காற்றை நிறுத்த மட்டுமே இயலும். ஆகவே கரி முழுவதையும் ஒருசேரப் பற்றவைக்காதீர்கள். பற்றாத கரியை நிரப்பி, ஒரு மூலையில் மட்டும் ஒரு கை அளவு கங்கு வையுங்கள். கீழிருந்து மெல்ல ஏறி வரட்டும்.

குஞ்சு பொரிப்பான் கருவியை மாட்டலாமா?

பல உழவர்கள் கேட்பது இது. முட்டை பொரிப்பானில் வைக்கும் கருவி மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை 99 அல்லது 110 டிகிரி வரையே அளக்கும். நமக்கு வேண்டியதோ அதற்கு மேல். அதன் உணர்விக் கம்பி பிளாஸ்டிக் உறை போட்டது; கரி அடுப்பினுள் அந்த உறை உருகிவிடும். பொரிப்பானுக்கு வாங்கியதைப் பொரிப்பானிலேயே விடுங்கள்.

அடுப்பிற்கு 'கே' வகை வெப்ப இணையோ, 'பிடி 100' எனும் உணர்வியோ கொண்ட கருவி ஏற்றது. உணர்வியின் தண்டு துருப்பிடிக்காத எஃகாலும், கம்பியின் உறை எஃகுப் பின்னலாலும் ஆனதாக இருக்கட்டும். கோழியின் சதையில் குத்தி வைக்க இரண்டாவது உணர்வி உள்ள கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால், கையில் பிடித்துக் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று தனியே வாங்கிக்கொள்ளலாம்.

நான் செய்த தவறு

உழவியல் கற்பிக்கும் எனக்கு மின்வேலை அரைகுறையாகவே தெரியும். முதலில் நானே பெட்டி, விசிறி, ரிலே ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி இணைத்தேன். பெட்டியுடன் ஒரு திடநிலை ரிலேயும் வந்தது. அது வீட்டு மின்சாரத்திற்கு, அதாவது மாறுதிசை மின்சாரத்திற்கு ஆனது. என் விசிறியோ 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவது. பன்னிரண்டு கோழிகளை அடுக்கி, 115 என்று குறித்துவிட்டு வகுப்பிற்குப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்பின் வெளித்தகடே பழுத்திருந்தது. பெட்டியின் விளக்கு அணைந்திருந்தும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. மாறுதிசை மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் சுழியைத் தொடும்போதுதான் அவ்வகை ரிலே அணையும். பாட்டரி மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை. ஒரு முறை திறந்த ரிலே திறந்தபடியே நின்றுவிட்டது. பன்னிரண்டில் ஒன்று கூடத் தேறவில்லை.

பாட்டரி விசிறிக்கு நேர்மின்சார ரிலேதான் வேண்டும். இதில் ஐயம் உள்ளவர்கள், எல்லாம் இணைத்தே விற்கப்படும் கருவியை வாங்குவது மேல். விலை சற்றுக் கூடும்.

விசிறியும் மின்சாரமும்

200 லிட்டர் பீப்பாயில் செய்த அடுப்பிற்கு நிமிடத்திற்குச் சுமார் 10 கன அடி காற்று தரும் சிறு விசிறி போதும். பெரிய விசிறி வாங்கினால் சாம்பல் பறந்து கறியில் படியும். வெப்பமும் தாறுமாறாக ஏறும். பீப்பாய் முன்பு சமையல் எண்ணெய் வைத்திருந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்து இருந்த பீப்பாய், நாகம் பூசிய தகடு இரண்டும் கூடவே கூடாது.

மின்வெட்டு உள்ள ஊர்களில் 12 வோல்ட் விசிறியே சிறந்தது. 6 வாட் விசிறியை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு பகல் வேலைக்குத் தாங்கும், ஏனெனில் விசிறி இடைவிடாது ஓடுவதில்லை. மின்சாரம் நின்று திரும்பும்போது, குறித்த அளவைக் கருவி நினைவில் வைத்திருக்கிறதா என்று கடையிலேயே ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உணர்வியைக் கொதிநீரில் விடுங்கள். சமவெளியில் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். கொடைக்கானல் போன்ற உயரத்தில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதிக்கும், அதைக் கருவியின் குறை என்று எண்ண வேண்டாம். சூடேற்றும்போது எண் இறங்கினால், வெப்ப இணையின் இரு கம்பிகளும் மாற்றி இணைக்கப்பட்டுள்ளன என்று பொருள். அப்படியே அடுப்பில் வைத்தால் சூடு ஏற ஏறக் கருவி 'குளிர்கிறது' என்று நினைத்து மேலும் ஊதும்.

அடுத்து, விசிறி ஓடும்போது உணர்வியின் கம்பியைக் கழற்றுங்கள். விசிறி நின்றுவிட்டால் நல்ல கருவி. ஓடிக்கொண்டே இருந்தால் வாங்காதீர்கள். எலி கடித்து ஒரு நாள் கம்பி அறுந்தால் அடுப்பே பற்றிக்கொள்ளும். சில கருவிகளில் 'சூடேற்றல்', 'குளிரூட்டல்' என இருமுறைகள் உண்டு. நமக்குச் சூடேற்றல் முறையே வேண்டும்.

பொருத்தும் இடம்

உணர்வியைக் கம்பித் தட்டின் மட்டத்தில், கறியிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். குளிர்ந்த கறியை ஒட்டி வைத்தால் கருவி ஏமாந்து ஊதித் தள்ளும். கங்கிற்கு நேர் மேலே வைத்தால் அடுப்பு சூடாகும் முன்பே விசிறி நின்றுவிடும்.

புகைபோக்கியை முற்றிலும் அடைக்காதீர்கள். காற்றின்றிப் புழுங்கும் நெருப்பு தடித்த வெண்புகை விடும். அதில் வெந்த கறி கசக்கும். மெல்லிய நீலப்புகையே சுவை தருவது. சுட்ட கரியில் புகை குறைவு என்பதால் மா, கொய்யா போன்ற மரங்களின் காய்ந்த துண்டுகள் இரண்டு மூன்று போட வேண்டும். அடுப்பை அடைத்த அறையில் வைக்கவே கூடாது. கரி விடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

புகையூட்டிய கோழி, கருவாடு போலத் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தே தீர வேண்டும். விற்பனை செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

கருவியைப் பொருத்திய பின் முதல் முறை கறியின்றி, வெறும் அடுப்பை நாலு மணி நேரம் எரித்துப் பாருங்கள். கால் மணிக்கு ஒரு முறை வெப்பத்தை நோட்டில் குறியுங்கள். ஏற்ற இறக்கம் ஐந்தாறு டிகிரிக்குள் நின்றால் மறுநாளே கோழியை ஏற்றலாம். அதற்கு மேல் போனால், கருவியைக் குறை சொல்லும் முன் கதவு இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டிப் புகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.