பல் வெனீர்

பல் வெனீர் என்பது பல்லின் நிறம், வடிவம் ஆகியவற்றைச் சீராக்க அதன் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடு ஆகும். இது பீங்கானாலோ கலப்புப் பிசினாலோ செய்யப்படுகிறது.

வரலாறு

கலிபோர்னியப் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ், ஹாலிவுட் நடிகர்களுக்காக இதனை உருவாக்கினார். அவை படப்பிடிப்பின்போது மட்டும் அணியப்பட்டன. நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955இல் மைக்கேல் புவோனகோர், பல்லின் மேற்படலமான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டவைக்கும் முறையை வெளியிட்டார். 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அவ்வாறே பதப்படுத்தும் முறை வந்தபின் வெனீர் பரவலாயிற்று.

குறைபாடுகள்

பீங்கான் வெனீருக்கு இடமளிக்க, பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவு எனாமல் சீவப்படுகிறது. சீவிய எனாமல் மீண்டும் வளராது. வெனீரோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளே நீடிக்கும். எனவே இளம் வயதில் பொருத்திக்கொள்பவர் வாழ்நாளில் பலமுறை அதனை மாற்ற நேரிடும்.

மிகுதியாகச் சீவினால் உள்ளிருக்கும் டென்டின் வெளிப்பட்டுப் பற்கூச்சம் உண்டாகும். ஒட்டும் வலுவும் குறையும். உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்போருக்கு வெனீர் உடையக்கூடும். ஓரங்களில் சொத்தையும் ஏற்படலாம். சொத்தை, ஈறு நோய் ஆகியவற்றை முதலில் குணப்படுத்த வேண்டும்.

மாற்று வழிகள்

நிறம் மட்டுமே குறையெனில் பல் வெளுப்பாக்கலும், வரிசை மட்டுமே குறையெனில் பல் சீரமைப்புக் கம்பியும் எனாமலைச் சீவாமல் பயன்தரும்.