இளவேனிலில் மலரும் பல்லாண்டுப் பூஞ்செடிகள்
வீட்டுத் தோட்டத்தில் வெயிலும் நிழலும்

நெல்லுக்கும் பருத்திக்கும் மண்ணறிந்து, பருவமறிந்து, நீரறிந்து வேலை செய்கிற நம் விவசாயிகள், வீட்டுக் கொல்லையில் ஒரு பூஞ்செடி வைக்கும்போது மாத்திரம் அவ்வறிவையெல்லாம் வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். கிணற்றங்கரையிலோ மாமரத்தடியிலோ காலியாய்க் கிடக்கிற இடத்தில் ஒரு குழி வெட்டி, சந்தையில் வாங்கிய பதியனை நட்டு, குளித்த தண்ணீர் போய்ச் சேரும்படி ஒரு வாய்க்காலும் பிடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணுகிறார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் செடி இலையும் கொடியுமாய்ச் செழித்திருக்கும். பூ மாத்திரம் இராது. குற்றம் நாற்று விற்றவன் தலையில் விழும். வீட்டிலுள்ள பெண்டுகளோ சுவாமிக்கும் தலைக்கும் முழம் போட்டுப் பூ வாங்குவதை நிறுத்தமாட்டார்கள்.

இவ்வியாசத்தில் நாம் எடுத்துக்கொள்வது, ஒருமுறை நட்டால் பல்லாண்டு நின்று, பங்குனி முதல் வைகாசி வரையுள்ள நாட்களில் மலர்ந்து பயன் தரும் செடிகளையே. இவற்றில் வெயில் வேண்டுவன சில, நிழல் பொறுப்பன சில. எது எதற்குரிய இடமென்று நிச்சயிப்பதுதான் முதல் வேலை. எருவும் நீரும் அதற்கு அடுத்தவையே.

நிழலை அளத்தல்

நம் ராஜ்யத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வழியிற் செல்வதில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அதனால் கொல்லையில் விழும் நிழல் எவ்வளவு இடம் மாறுகிறதென்பதை அளந்து பார்த்தவர் சிலரே. கோயம்புத்தூர், திருச்சி முதலிய இடங்களில் 10 அடி உயரமுள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதம் முதல் வாரத்தில் நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய 7 அடி தூரம் விழும். பங்குனி இரண்டாம் வாரத்தில் அதே நிழல் 2 அடியாகக் குறுகிவிடும். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நண்பகலில் சுவருக்கு நிழலே இராது. அதன்பின் சூரியன் வடக்கே சாய, ஆனி மாதத்தில் நிழல் தெற்குப் பக்கம் 2 அடிக்குச் சற்று அதிகமாக விழும். சென்னையில் உச்சி வெயில் சுமார் ஒரு வாரம் பிந்தியும், கன்னியாகுமரியில் சுமார் ஒரு வாரம் முந்தியும் வரும்; மற்றபடி கணக்கு பெரிதும் வேறுபடாது.

இதிலிருந்து தெரிவது யாதெனில், மார்கழியில் கொல்லையைச் சுற்றிப் பார்த்து, இது வெயில், இது நிழல் என்று முடிவு செய்கிறவன் ஏமாறுவான். வீட்டுக்கு வடபுறம் 5 அடி தள்ளியிருக்கிற பாத்தி மார்கழியில் குளிர்ந்து ஈரம் காயாமல் கிடக்கும். மாசி பிறந்தபின் அங்கே நண்பகல் வெயில் வரத் தொடங்கி, சித்திரையில் நன்றாய் அடிக்கும். மாறாக, ஒரு பெரிய மரத்தின் தென்புறத்தில் கிளைகளுக்குக் கீழே மார்கழி வெயில் சாய்ந்து நுழையும். சித்திரையில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது கிளைகளின் நிழல் நேர்கீழே விழுந்து அவ்விடத்தை மூடிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் வீட்டு மாமரத்தின் தென்புறத்தில், மார்கழி வெயிலை நம்பி, கிளைகளுக்குக் கீழே ஒரு குண்டுமல்லிகை வைத்தேன். மூன்று கோடையிலும் அது கைப்பிடிப் பூக்கூடத் தரவில்லை. நாற்றுப் பொல்லாதென்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஓர் ஆடி மாதத்தில் அதே செடியில் எடுத்த பதியனை, எதற்கும் உதவாதென்று ஒதுக்கியிருந்த வடபுறத்துப் பாத்தியில் என் மனைவி நட்டுவைத்தாள். இரண்டாம் பங்குனியிலேயே அது மொட்டெடுத்தது. நாற்று ஒன்றே, மண்ணும் ஒன்றே, வெயில்தான் வேறு. இவ்விஷயம் எங்கள் வீட்டில் இன்றும் அவ்வப்போது எனக்கு ஞாபகப்படுத்தப்படுகிறது.

ஆகையால் செடி வைக்க விரும்புவோர் பங்குனி, சித்திரையில் ஒரு நாள் காலை 9 மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் 3 மணிக்கும் கொல்லையில் நிழல் விழும் எல்லையில் சிறு முளைகள் அடித்து வைக்கவேண்டும். நடுவது ஆனியிலோ ஆடியிலோ இருக்கலாம். அளப்பது பூக்கும் பருவத்தில்தான். நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு, அதாவது 15 நாழிகைக்குக் குறையாமல் நேர்வெயில் படுகிற இடம் வெயிலிடம். காலை வெயில் மாத்திரம் பட்டு, உச்சிக்குப் பின் நிழல் வந்துவிடுகிற கிழக்குப் புறம் அரைநிழல். இதுவே பலவகைச் செடிகளுக்கு மிக உத்தமமானது. மேற்குச் சுவரோரத்தை இதோடு சேர்த்து எண்ணலாகாது. அங்கே வெயில் படும் நேரம் குறைவானாலும், பிற்பகல் வெயிலிற் காய்ந்த சுவர் இராத்திரி வரையில் அனல் வீசுவதால் நிழற்செடிகள் கருகிப்போகும்.

வெயிலிடத்துக்கு உரியவை

வெயிலிடத்தில் முதல் மரியாதை குண்டுமல்லிகைக்கே. 2013-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்த இனந்தான். இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துப் பதியன்கள் இதற்குப் பேர்போனவை. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஓர் அடியாகக் குழி வெட்டி, ஆறவிட்டு, மக்கிய தொழுவெரு 10 கிலோவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஆனி முதல் கார்த்திகைக்குள் நடலாம். செடிக்குச் செடி 4 அடிக்குக் குறைதல் கூடாது. நீர் தேங்கும் நிலமும் களர் நிலமும் இதற்கு ஆகா.

குண்டுமல்லிகை புதுத்தளிரின் நுனியில் மொட்டு வைக்கிற செடி. பழைய கிளைகளை அப்படியே விட்டால் வருஷத்துக்கு வருஷம் கொடி நீளுமேயன்றிப் பூ பெருகாது. ஆகவே கவாத்து அவசியம். கார்த்திகை மாதம் இரண்டாம் வாரத்தில், அதாவது நவம்பர் கடைசியில், சில நாள் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து 50 செண்டிமீட்டர் உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, நோய்ப்பட்டதும் காய்ந்ததும் அடியோடு நீக்கவேண்டும். இதைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள், பச்சைச் செடியை இப்படி மொட்டையடிக்கலாமா என்று தடுப்பார்கள். தடைக்கு இணங்கி மாசி வரையில் தள்ளிப்போட்டால் பங்குனிப் பூ போய்விடும். கவாத்து முடிந்தவுடன் செடியைச் சுற்றிக் கொத்தி எருவிட்டுத் தண்ணீர் கட்டவேண்டும். தொழுவெருவோடு இரசாயன உரமும் இடுவோர், நன்கு வளர்ந்த செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் என்ற அளவைக் கார்த்திகையில் பாதியும் ஆனி, ஆடியில் பாதியுமாகப் பிரித்திடுவது முறை.

முல்லைக்கும் ஏறக்குறைய இதே பக்குவந்தான். ஆனால் அதன் கவாத்து தை மாத நடுவில், 45 செண்டிமீட்டர் உயரத்தில். இரண்டையும் ஒரே நாளில் வெட்டிவிடுகிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. வேலை சுலபமாகிறதேயன்றி முல்லைக்கு அது ஏற்றதன்று. பவழமல்லிகையை இக்கணக்கிற் சேர்க்கவேண்டாம். அது மழைக்காலத்தை ஒட்டிப் பூப்பது.

செம்பருத்தியும் அரளியும் வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாதவை. அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் இருக்க இயலாது. அதன் இலை, பட்டை, பூ, வேர் யாவும் விஷம். வெட்டிப்போட்டுக் காய்ந்த தழையிலும் விஷம் நீங்குவதில்லை. கொட்டிலுக்கருகிலும், மாடு எட்டுகிற வேலியோரத்திலும், பள்ளிக்கூட வளாகத்திலும் அதை வைக்கலாகாது. ஊராட்சிக் கட்டிடங்களைச் சுற்றிச் செடி வைக்கும் கிராம அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களாக.

நிழலுக்கு உரியவை

நிழல் என்பதிலும் பேதமுண்டு. தென்னையின் நிழல் நகர்ந்துகொண்டே இருப்பது. வேம்பின் நிழலில் வெயில் பொத்தல் பொத்தலாய் இறங்கும். இவற்றினடியில் பல செடிகள் நன்றாய் வரும். மாமரத்து நிழல் அடர்த்தி. புளியமரத்தடியில் முயற்சி செய்து வருந்துவதைக் காட்டிலும் அங்கே ஒரு கட்டில் போட்டுக்கொள்வது மேல்.

அரைநிழலில் நன்கு பூப்பவற்றில் கனகாம்பரம், நந்தியாவட்டை, இட்லிப்பூ என்கிற வெட்சி ஆகிய மூன்றும் எளிதிற் கிடைப்பவை. இவை இளவேனிலில் மட்டுமன்றி ஆண்டில் பல மாதங்கள் பூக்கும். டில்லி கனகாம்பரம் விதை பிடிக்காத இனமாதலால் போத்து வைத்தே பெருக்கவேண்டும். விதையென்று யாரேனும் விற்றால் வாங்கவேண்டாம். கனகாம்பரத்தின் வேரில் நூற்புழு முடிச்சுகள் கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அவ்விடத்தில் சில காலம் கேந்தி வைப்பது நலம்.

வெட்சிக்குச் சுண்ணாம்பு ஆகாது. நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. சோப்புத் தண்ணீரோ அதைவிட மோசம். இந்நீரைக் குடித்த வெட்சியின் தளிர், நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் மாறும். இது நோயன்று, மண்ணிலுள்ள இரும்பைச் செடி எடுத்துக்கொள்ள முடியாமையே. மல்லிகைக்கும் இது வருவதுண்டு. அன்னபேதி 5 கிராமை ஒரு லிட்டர் நீரிற் கரைத்து, மஞ்சள் மாறும் வரையில் 15 நாளுக்கு ஒருமுறை இலைமேல் தெளிக்கவேண்டும். குளித்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிட்டு, பிடித்துவைத்த மழைநீரைப் பூஞ்செடிக்கு வார்ப்பது நிலையான பரிகாரம்.

மரத்தடிக்கென்றே அமைந்தவை கிழங்குப் பூக்கள். பந்து லில்லி என்று நாற்றுப் பண்ணைக்காரர் விற்பது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. வருஷத்தில் ஒரே முறை, சித்திரை வைகாசியில், வெறும் தரையிலிருந்து தண்டு கிளம்பி, குழந்தை விளையாடும் பந்தைப்போலச் செந்நிற உருண்டையாய்ப் பூக்கும். மழைக்காலம் கழிந்தபின் இலை பழுத்து மாய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அப்போது செடி செத்ததென்று எண்ணி அவ்விடத்தைத் தோண்டுகிறவரும், இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் வார்த்துக் கிழங்கை அழுகவிடுகிறவரும் உண்டு. ஒரு கல்லை அடையாளமாய் வைத்துவிட்டு, மாசி கழியும் வரையில் அதை மறந்துவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம். இதன் கிழங்கும், கிணற்றோரத்து ஈரத்தில் நன்கு வளரும் விஷமூங்கிலின் கிழங்கும் தின்னத்தகாதவை. வெங்காயம் போலிருப்பதால் குழந்தைகள் கையில் அகப்படாமல் நடவேண்டும். மழை லில்லியோ காலை வெயில் படும் ஓரங்களுக்கு உரியது. கோடைமழை ஒன்று பெய்த சில நாளில் வரிசை முழுதும் மலர்ந்துவிடும்.

மரத்தையே கொழுகொம்பாக்க விரும்புவோர் மனோரஞ்சிதம் வைக்கலாம். பச்சையாய்த் தோன்றி மஞ்சளாகும் அதன் பூ கண்ணுக்குத் தெரியுமுன் பழவாசனை வந்துவிடும்.

மொட்டுக் காலத்துக் காவல்

மல்லிகை மொட்டில் துளையிட்டுத் தின்னும் மொட்டுப்புழுவும், மொட்டு ஊதா நிறமாகி உதிரச்செய்யும் ஈயும் பங்குனி முதற்கொண்டே கவனிக்கத்தக்கவை. தாக்குண்ட மொட்டுகளை அன்றன்றே பறித்து எரிப்பது வீட்டுத் தோட்டத்தில் சாத்தியமே. ஈயின் கூட்டுப்புழு செடியடி மண்ணில் இருப்பதால் அங்கே இலேசாய்க் கொத்திவிடவேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் நூற்றுக்கு ஐந்து பங்கு விகிதத்தில் தெளிக்கலாம். வறண்ட வெயிலில் இலையின் அடியில் நூலாம்படைபோலத் தோன்றினால் அது செஞ்சிலந்தி. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். சூடான நண்பகலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும், மாலையில் தெளிக்கவேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அரைநிழலில் சித்திரை வைகாசியை ஒட்டிக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ராஞ்சியா, மல்லிகைக்கு நேர்மாறானது. சென்ற வருஷத்துக் கிளையின் நுனியில்தான் அதன் மொட்டு முன்கூட்டியே உருவாகிறது. மல்லிகையைப் போலக் கார்த்திகையில் அதை வெட்டினால் வருகிற பூவையே வெட்டியதாகும். பூத்து ஓய்ந்தவுடன், தாமதமின்றி, வாடிய கொத்தின் கீழே இரண்டு கணு விட்டு நறுக்கவேண்டும். புளிப்பு மண்ணில் நீலமாகவும் சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகவும் அது பூப்பதைக் கண்டு இரண்டு சாதியென்று எண்ணி இரட்டை விலை கொடுத்தவர்களை நான் அறிவேன். ஒரு செடியில் போத்து எடுத்து இருவகை மண்ணிலும் நட்டுப் பார்க்கலாம்.